மின்சாரம் நின்றுபோன மண்டபத்தில் அவசர அறிவிப்பு செய்வது எப்படி?

கேள்வி – மண்டப மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் பதினோர் ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். மேல்தளத்தில் 700 பேர் அமரும் அரங்கு. கீழ்த்தளத்தில் 250 பேர் ஒரே நேரத்தில் உண்ணும் பந்திக்கூடம், அதன் பின்னால் சமையற்கூடம். அரங்கிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள் உள்ளன. ஒன்று வாசலுக்கும் மற்றொன்று பந்திக்கூடத்துக்கும் இறங்குகிறது.

சென்ற ஆவணியில் ஒரு முகூர்த்த நாளன்று காலையில், சமையற்கூடத்தை ஒட்டிய மின்பலகையிலிருந்து புகை கிளம்பியது. சமையல் மாஸ்டரின் உதவியாளர் ஓடிவந்து சொன்னவுடன் மெயினை அணைத்தோம். அது சரியான செயல் என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் மெயின் அணைந்த கணமே மேடையில் இருந்த மைக் செட்டும் நின்றுபோனது. ஜெனரேட்டரின் மின்சாரமும் அதே பலகை வழியாகத்தான் வரவேண்டும் என்பதால் அதை ஓட்டவும் வழியில்லை. மேலே நாதஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தன. காலை வெளிச்சம் இருந்ததால் மின்சாரம் போனதைக்கூட அரங்கில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மேடையேறிக் கத்தியது முதல் நான்கு வரிசைகளைத் தாண்டவில்லை. இதற்குள் பந்தியில் இருந்தவர்கள் புகையைக் கண்டு, மாடியில் விட்டுவந்த பிள்ளைகளைத் தேடி மேலே ஏற, சாப்பிட வந்தவர்கள் மேலிருந்து இறங்க, படிக்கட்டின் திருப்பத்தில் இரு கூட்டமும் முட்டிக்கொண்டன. ஒரு பாட்டியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. புகை சற்று நேரத்தில் அடங்கிவிட்டதால் அதோடு தப்பினோம். அது தீயாக மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

மண்டபத்துக்கென்று தனியாக ஒலியமைப்பு இல்லை. திருமண வீட்டார் அழைத்துவரும் மைக் செட்டுதான் எல்லாவற்றுக்கும். இப்போது உரிமையாளர் செலவு செய்ய முன்வந்திருக்கிறார். எத்தகைய அமைப்பை வைக்கவேண்டும் என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது, அறிவிப்பில் என்ன சொல்வது? "தீ என்ற சொல்லை மைக்கில் சொன்னால் ஜனங்கள் மிரண்டு ஒருவரையொருவர் மிதித்துவிடுவார்கள், வாசலில் குழுப் புகைப்படம் எடுக்கிறோம் என்பது போல் ஏதாவது சொல்லி நயமாக வெளியே அனுப்பிவிடலாம்" என்கிறார் உரிமையாளர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அது சரியா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஒலியமைப்பாளர்

ஐயா, என் தந்தை காலத்திலிருந்து மைக் செட் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. வாடகை மைக் செட்டை நம்பி ஒரு மண்டபத்தின் பாதுகாப்பை அமைக்கக்கூடாது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். எங்கள் பெட்டிகள் மேடையை நோக்கி அமர்ந்திருப்பவர்களுக்கானவை. பந்திக்கூடத்திலோ, சமையற்கூடத்திலோ, மணமகள் அறையிலோ, வாகனம் நிறுத்தும் இடத்திலோ எங்கள் ஒலி போய்ச் சேரவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. மேலும், தாங்கள் பார்த்தபடி, மின்சாரம் போனால் எங்களுக்கும் குரல் இல்லை.

தங்களுக்கு வேண்டியது மண்டபத்தோடு நிரந்தரமாகப் பொருத்திய ஒரு சிறிய அமைப்பு. 100 வோல்ட் லைன் என்று நாங்கள் சொல்லும் முறையே இதற்கு ஏற்றது. ஆம்பிளிஃபையரிலிருந்து உயர்ந்த மின்னழுத்தத்தில் ஒலி செல்வதால் நீண்ட தூரத்துக்கும் மெல்லிய கம்பியே போதும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரில் 3 வாட், 6 வாட், 10 வாட் என்று இடத்துக்குத் தக்கபடி அளவைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லா ஸ்பீக்கர்களின் வாட்டையும் கூட்டினால் ஆம்பிளிஃபையரின் திறனைத் தாண்டக்கூடாது என்பது ஒன்றே கணக்கு. தங்கள் மண்டபத்துக்கு 250 வாட் ஆம்பிளிஃபையர் ஒன்று போதும் என்று எண்ணுகிறேன். வாங்கும்போது 24 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கோயில் திருவிழாக்களுக்கும் பிரசார வண்டிகளுக்கும் இவ்வகை நீண்டகாலமாகப் பயன்பட்டு வருவதால் எங்கும் கிடைக்கும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, எப்போதும் சார்ஜில் இருக்கும்படி வைத்துவிட்டால், மெயினை அணைத்த பிறகும் அரை மணி நேரம் பேசுவதற்குத் தாராளமாக வரும். ஆம்பிளிஃபையரும் பேட்டரியும் வாசல் பக்க அலுவலக அறையில் இருக்கட்டும். சமையற்கூடத்துக்கும் மின்பலகைக்கும் அருகில் வைத்தால், எந்த ஆபத்தை அறிவிக்கவேண்டுமோ அதுவே முதலில் அந்தக் கருவியைப் பறித்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர்களை இரண்டு தனித்தனிக் கம்பிகளில், ஒன்றுவிட்டு ஒன்றாக இணையுங்கள். ஒரு கம்பி தீயில் அறுந்தாலும் ஒவ்வொரு இடத்திலும் பாதி ஸ்பீக்கர்கள் பேசிக்கொண்டிருக்கும். செலவு சற்றுக் கூடும். ஆனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொது அறிவிப்பு அமைப்புகளைக் கட்டடத்துக்குள் நிறுவுவதற்கு ஐ.எஸ். 1881 என்றும், திறந்த வெளியில் நிறுவுவதற்கு ஐ.எஸ். 1882 என்றும் இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. வேலை செய்ய வருபவரிடம் அவற்றைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இனி, பலர் செய்யும் தவறு ஒன்று. கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவார்கள். மண்டபங்களில் தரை பளிங்கு, சுவர் பூச்சு, கூரை கான்கிரீட். எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஒரு மூலையில் பெரிய பெட்டியை வைத்து அலறவிட்டால் சத்தம் காதை அடைக்குமே தவிர, சொல் புரியாது. அதே வாட்டைப் பன்னிரண்டு சிறு ஸ்பீக்கர்களாகப் பிரித்து ஆட்களுக்கு அருகில் வைத்தால் குறைந்த சத்தத்திலேயே ஒவ்வோர் எழுத்தும் தெளியும். சொல் எவ்வளவு புரிகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான ஒரு குறியீட்டால் அளக்கும் கருவிகள் உள்ளன. அவசர அறிவிப்புக்கு 0.5 ஆவது இருக்கவேண்டும் என்பது வெளிநாட்டு விதிகளில் பரவலாக உள்ள அளவு. கருவி இல்லை என்றால் கவலை வேண்டாம். நம் மண்டபங்களில் நாள்தோறும் நடக்கும் ஒரு சோதனையே போதும்: "இந்த எண்ணுள்ள கார் வழியை மறித்து நிற்கிறது" என்று அறிவிக்கிறோம் அல்லவா? முன்பின் தெரியாத ஓர் எண்ணை அலுவலக மைக்கில் ஒருமுறை மட்டும் வாசியுங்கள். பந்தியில் இலை போடுபவர், சமையற்கூடத்தில் அடுப்பருகே நிற்பவர், கழிப்பறை வரிசையில் நிற்பவர் ஆகியோர் அதை எழுதிக் காட்டட்டும். ஓர் இலக்கம் தவறினாலும் அந்த இடத்தில் ஸ்பீக்கரை மாற்றி அமைக்கவேண்டும்.

கடைசியாக, மேடை மைக் செட்டை அடக்கும் வழி. மேடையில் எங்களுக்கென்று விடும் பிளக்குகளைத் தனிச் சுற்றாக்கி, அவசர மைக்கை எடுத்தவுடன் அந்தச் சுற்று மட்டும் துண்டிக்கப்படும்படி கான்டாக்டர் எனும் ஒரு தானியங்கி சுவிட்சை எலக்ட்ரீஷியன் பொருத்தித் தருவார். விளக்குகள் அந்தச் சுற்றில் இருக்கவே கூடாது. பொதுவாக அறிவிப்பின் ஒலி, சுற்றியுள்ள சத்தத்தைவிட 15 டெசிபெல்லாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பார்கள். இன்னிசைக் கச்சேரி நடக்கும்போது அதையும் மீறிப் பேச எந்த ஸ்பீக்கராலும் இயலாது. எனவே முதலில் அமைதி, பிறகு பேச்சு.

தவிலுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதைத் தாங்களே கண்டீர்கள். புரோகிதர் கை காட்டினால் கெட்டிமேளம் கொட்டுவது போல, நிறுத்துவதற்கும் ஒரு கைச்சைகையை மேளக்காரர்களிடம் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைப்பது தூரத்திலிருந்தும் தெரியும்.

பதில் 2 – ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்

மேலாளர் அவர்களுக்கு, ஒலியமைப்பைப் பற்றி மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றில் நான் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தங்களின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அதில்தான் உயிர்கள் போகின்றன.

உண்மையைச் சொன்னால் மக்கள் மிரள்வார்கள் என்ற அச்சம் உலகெங்கும் உள்ளது. ஆனால் நடந்தவற்றைப் பார்த்தால், உண்மை தாமதமாகத் தெரிந்த இடங்களிலேயே நெரிசலும் மரணமும் மிகுந்திருக்கின்றன. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீயின் புகை மேலேறியபோது, மக்களை எச்சரிக்கும் அறிவிப்பு எதுவும் செய்யப்படவில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மாடி இருக்கைகளில் இருந்தவர்கள். மூச்சுத் திணறியே இறந்தார்கள். ஒருவர் மைக்கில் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு நேரம் கிடைத்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றியது. ஆயிரம் பேருக்கு மேல் நிறைந்திருந்த அரங்கில் நகைச்சுவைக் கலைஞர்கள் மேடையில் இருந்தார்கள். மேசை துடைக்கும் வேலையில் இருந்த 18 வயது இளைஞர் ஒருவர் மேடையேறி, மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகள் எங்கெங்கே உள்ளன என்று கைகாட்டிக் கூறி, கட்டடத்தில் தீ இருக்கிறது என்பதையும் சொல்லி, வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். அந்தத் தீயில் 165 பேர் இறந்தார்கள் என்பது பெருந்துயரம். ஆனால் அந்த இளைஞரின் சொல்லைக் கேட்டு எழுந்ததால் பல நூறு பேர் பிழைத்தார்கள். சிலர் அதையும் நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணி அமர்ந்தே இருந்தார்களாம். பேசுபவர் யார் என்பது கேட்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சோதனை முறையிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் ப்ரூ, சைம் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து வெளியேற்ற ஒத்திகைகளை நடத்தி, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறும் மணி மட்டும் ஒலித்தபோது பயணிகள் நெடுநேரம் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது விரைவாகவும் ஒழுங்காகவும் வெளியேறினார்கள். ஆகவே உரிமையாளரிடம் பணிவோடு சொல்லுங்கள்: புகைப்படம் எடுக்கிறோம் என்று அழைத்தால் உறவுக்காரர்கள் பாதிப் பேர் எழ மாட்டார்கள்; எழுபவர்கள் புடவையைச் சரிசெய்து, செருப்பைத் தேடி, மெதுவாக வருவார்கள்; வழியில் புகையைக் கண்டதும் அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

அறிவிப்பின் வாசகத்தை இன்றே எழுதி, தடித்த எழுத்தில் அச்சிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினால் அந்த நொடிகள் வீண். நான் பரிந்துரைப்பது இதுதான்:

"கவனியுங்கள், கவனியுங்கள். மண்டப மேலாளர் பேசுகிறேன். சமையற்கூடத்தில் தீ. எல்லோரும் இப்போதே எழுந்து வாசல் படிக்கட்டு வழியாகத் தெருவுக்குச் செல்லுங்கள். பந்தியில் இருக்கும் பிள்ளைகளை எங்கள் ஊழியர்கள் தெருவுக்கு அழைத்து வருகிறார்கள். பிள்ளையார் கோயில் முன்பு சந்தியுங்கள்."

இதை நிதானமாக, மூன்று முறை வாசிக்கவேண்டும். இதில் இரண்டு நுணுக்கங்களைக் கவனியுங்கள். தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில்தான் வருகிறது. "அந்தப் படிக்கட்டில் இறங்காதீர்கள்" என்று சொல்லும்போது எதிரொலியில் கடைசி அசைகள் கரைந்தால், கேட்பவர் காதில் விழுவது "அந்தப் படிக்கட்டில் இறங்..." என்பது மட்டுமே, நாம் எங்கே போகக்கூடாது என்கிறோமோ அங்கேயே போவார். ஆகவே என்ன செய்யவேண்டும் என்பதை மட்டுமே சொல்லுங்கள். செய்யக்கூடாததைச் சொல்லாமலே விடுங்கள். அடுத்து, "இடப்புறக் கதவு" என்றால் மேடையில் நிற்பவருக்கு ஒரு பக்கம், அமர்ந்திருப்பவருக்கு மறுபக்கம். மணமகள் அறைப் பக்கம், பன்னீர் தெளிக்கும் வாசல் பக்கம் என்று வந்தவர்கள் கண்ணால் கண்ட அடையாளத்தைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். தங்கள் படிக்கட்டில் கூட்டம் முட்டிக்கொண்டதற்குக் காரணம் அச்சம் அன்று, பிள்ளைகளைத் தேடிய பாசம். ஆனால் அந்த வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டுமானால், பந்திக்கூடத்தில் அந்தப் பணிக்கென்றே இரண்டு ஊழியர்களை நியமித்திருக்கவேண்டும்.

பதில் 3 – காதுகேளாதோர் பள்ளி ஆசிரியை

இருவரும் எழுதியவற்றை நன்றியோடு படித்தேன். ஒலியைப் பற்றி மட்டுமே பேசும்போது, ஒலி சென்று சேராதவர்களை மறந்துவிடுகிறோம். 700 பேர் கூடும் திருமணத்தில் காது கேளாதவர்களும், காதுக் கருவியைச் சத்தம் தாங்காமல் கழற்றிவைத்த முதியவர்களும் நிச்சயம் இருப்பார்கள். என் மாணவி ஒருத்தி தன் அக்காள் திருமணத்தில் எல்லோரும் திடீரென்று எழுந்து ஓடியபோது காரணம் புரியாமல் நாற்காலியிலேயே அமர்ந்திருந்ததை என்னிடம் சைகையில் விவரித்தாள். அன்று நடந்தது சிறு விபத்துதான். ஆனால் அவள் முகத்தில் கண்ட பயம் சிறியதாக இல்லை.

அவசர மைக்கை எடுத்தவுடன் மின்னும் விளக்குகளை அரங்கிலும் பந்தியிலும் கழிப்பறைகளிலும் அதே பேட்டரியில் இணைக்கலாம். விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் மின்னாமல் இருந்தால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் தொல்லை இராது. கழிப்பறையைக் குறிப்பாகச் சொல்கிறேன். அங்கே தனியாக இருப்பவருக்கு மற்றவர்கள் ஓடுவதுகூடத் தெரியாது. "தீ – வெளியேறுங்கள்" என்று எழுதிய பலகைகளோடு இரண்டு ஊழியர்கள் அரங்கின் இரு பக்கமும் நடந்து வருவது இதைவிடவும் பயன் தரும்.

இன்னொன்று, இன்று பல மண்டபங்களின் சமையற்கூடங்களிலும் பாத்திரம் கழுவும் இடங்களிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தீக்கு மிக அருகில் நிற்பவர்கள் அவர்களே. அவர்களுக்கு இந்தியில் ஒரு வாக்கியமாவது சொல்லவேண்டும். சொல்லத் தெரிந்தவர் இல்லை என்றால் பதிவுசெய்து வையுங்கள்.

மேலாளரின் மறுமொழி

மூவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எதிர்மறைச் சொல் கடைசியில் வருவதைப் பற்றிப் படித்தபோது, அன்று நான் படிக்கட்டில் நின்று கத்தியதே "மேலே ஏறாதீர்கள்" என்பதுதான் என்று நினைவு வந்தது.

இரண்டு ஐயங்கள் மட்டும். அறிவிப்பு முழுவதையுமே பதிவுசெய்து, பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும்படி வைத்துவிடலாமா? அடுத்து, நான் வங்கிக்கோ சந்தைக்கோ போயிருக்கும் நேரத்தில் இது நடந்தால் யார் பேசுவது? உண்மையைச் சொல்வதானால், நான் மண்டபத்தில் இருந்தாலுமே, தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கு வருமா என்று தெரியவில்லை. புகை சிறியதாக இருந்து அடங்கிவிட்டால், முகூர்த்தத்தைக் கெடுத்தவன் என்ற பழி ஆயுள் முழுதும் நிற்கும்.

ஒலியமைப்பாளர்

பதிவு நல்லது என்பது என் கருத்து. பதற்றத்தில் மனிதர் குரல் உயரும், சொல் குழறும். பதிவுசெய்த குரல் எப்போதும் ஒரே நிதானத்தோடு இருக்கும். இந்தி வாக்கியத்தையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற தடையைக் காட்டி யாராவது தங்களைத் தயங்கச் செய்தால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே பொது அவசர நிலைக்கு விலக்கு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்

பதிவைப் பற்றி நண்பரோடு நான் மாறுபடுகிறேன். தீ சமையற்கூடத்தில் இருந்தால் வாசல் படிக்கட்டு. வாசல் அலங்காரத்தில் இருந்தால் பந்திப் படிக்கட்டு. பொத்தானை அழுத்துபவருக்கு அந்த நொடியில் எந்தப் பதிவு என்று தேர்வு செய்ய நேரம் இராது. தவறான பதிவு மக்களைத் தீயை நோக்கி அனுப்பிவிடும். பதிவில் "கவனியுங்கள், எல்லோரும் எழுந்து வெளியே செல்லுங்கள்" என்பதை மட்டும் தமிழிலும் இந்தியிலும் வையுங்கள். வழியை உயிருள்ள குரல் சொல்லட்டும்.

யார் பேசுவது என்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசைவிழாவில் நெரிசலில் சிக்கிப் பத்துப் பேர் இறந்தார்கள். பேரிடர் நேர்ந்துவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் கச்சேரி தொடர்ந்தது. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் இருவருக்கு மட்டுமே என்று அந்த விழாவின் திட்ட ஆவணத்தில் எழுதியிருந்தது. தங்கள் மண்டபத்தில் அந்த அதிகாரம் எப்போதும் உள்ளே இருக்கும் மூவருக்காவது வேண்டும்: தாங்கள், இரவு பகல் அங்கேயே தங்கும் காவலாளி, பந்தியை மேற்பார்க்கும் ஊழியர். மூவரும் மாதம் ஒருமுறை அந்த மைக்கில் உரக்க வாசித்துப் பழகவேண்டும். முதல் ஒத்திகையை ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் வைத்துக்கொண்டு, அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுங்கள். ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

பழியைப் பற்றித் தாங்கள் எழுதியது முற்றிலும் நியாயமான அச்சம். துணிவைத் தங்கள் ஒருவர் தலையில் சுமத்துவது சரியன்று. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடிக் கூரைப் பந்தலில் பற்றிய தீ, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்த நாளை அறிந்த எந்தக் குடும்பமும் நிறுத்திய மேலாளரைக் குறை சொல்லாது. ஆயினும் இதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மண்டபம் பதிவுசெய்யும் படிவத்தில், ஆபத்து என்று ஊழியர்கள் கருதினால் எந்த நேரத்திலும் நிகழ்ச்சியை நிறுத்தி மக்களை வெளியேற்றுவார்கள் என்று ஒரு வரியைச் சேர்த்து, இரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளரும் தம் கையெழுத்தோடு ஒரு கடிதம் தரட்டும்: நல்லெண்ணத்தில் அறிவிப்பு செய்த ஊழியர்மீது, அது தேவையற்றதாகவே முடிந்தாலும், எந்த நடவடிக்கையும் இராது என்று. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதன் நகலைக் காவலாளிக்கும் கொடுங்கள்.